மிச்சத்தை எவன் தின்னான்?

திருவரங்குளத்தில் இருக்கிற என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஆலங்குடியில் எடுத்த ஒரு கல்யாணத்தைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்து வெட்டி ஒட்டி வாங்கினான். வேலை முடிந்து வந்த கோப்பின் அளவு 1 ஜி.பி. வீட்டில் இருப்பது 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு. பையன் மனக்கணக்குப் போட்டிருக்கிறான்: ஒரு ஜி.பி. என்றால் 1000 எம்.பி.; வேகம் 100; பத்தே விநாடியில் இறங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இறக்கத் தொடங்கினான். ஒன்றரை நிமிடம் ஆனது.

அன்று ராத்திரி போன் வந்தது. "மாமா, 100ன்னு சொல்லித்தான் மாசாமாசம் காசு வாங்குறாய்ங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா 11.3தான் ஓடுது. மிச்சத்த எவன் தின்னான்?"

மூன்று கேள்வி கேட்டேன். வைஃபையா, கம்பியா? கம்பி. விண்டோஸா? ஆமாம். சரியாக எத்தனை விநாடி? மறுபடி இறக்கி, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துச் சொன்னான்: தொண்ணூறரை. கையில் கிடைத்த பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் தொண்ணூறரைதான் வந்தது. யாரும் எதையும் தின்னவில்லை.

அவன் எதிர்பார்த்த 10 விநாடி 80 ஆனது ஒரு எழுத்துக் குழப்பத்தால். 80 விநாடி 86 ஆனது ஓர் அளவைக் குழப்பத்தால். 86க்கும் தொண்ணூறரைக்கும் நடுவே இருக்கும் நாலரை விநாடி மட்டுமே கம்பியில் உண்மையாகச் செலவானது. முதல் இரண்டும் சிரித்துவிட்டுக் கடக்கக்கூடியவை. சுவை எல்லாம் அந்த நாலரை விநாடியில்தான்.

முதலில் எழுத்துக் குழப்பம். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய செய்தி பிட். தமிழில் 'துளி' என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுத் துளி சேர்ந்தது பைட். அதை 'எண்துளி' எனலாம். எண் என்றால் எட்டு, எண் என்றால் எண்ணிக்கை, இரண்டு பொருளும் ஒட்டுகின்றன. இணைய நிறுவனம் விற்கும் 100 எம்.பி.பி.எஸ். என்பது விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 10 கோடித் துளி. கணினி காட்டும் 'எம்.பி.' மெகாபைட். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன பி, பைட்டுக்குப் பெரிய பி என்று ஒரு வேற்றுமை வைத்திருக்கிறார்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் இரண்டும் 'எம்பி'தான். விளம்பரப் பலகையைத் தமிழில் படிக்கிறவன் ஏமாறாமல் இருக்க வழியே இல்லை.

இந்தக் குழப்பம் வரும் என்று பெயர் வைத்தவருக்கே தெரிந்திருந்தது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ஸ் 'பைட்' என்ற சொல்லை உருவாக்கியபோது, 'பிட்' என்று யாரும் தவறிப் படித்துவிடக் கூடாதென்றுதான் நடுவில் ஐ போடாமல் ஒய் போட்டார். சொல்லைக் காப்பாற்றிவிட்டார், சுருக்கெழுத்தைக் கோட்டைவிட்டார்.

ஏன் இரண்டு தரப்பும் ஒரே அலகில் பேசக்கூடாது? கம்பிக்காரர்கள் தந்தி வம்சம். ஓர் எழுத்துக்கு எத்தனை துளி என்பது கம்பிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிரான்சில் எமில் போதோ 1870களில் செய்த தந்தி முறையில் எழுத்துக்கு 5 துளி. ஆங்கிலக் கணினிக் குறியீட்டில் 7, பிறகு 8. இன்றைக்கு இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 24 துளி. அதிலும் 'தி' என்பது ஒரு குறி அல்ல: த ஒன்று, அதன் கொக்கி ஒன்று. 'திருவரங்குளம்' என்று நாம் எட்டெழுத்தில் எழுதுவது கணினிக்கு 13 குறி, 39 பைட், 312 துளி. ஆங்கிலத்தில் அதே பெயர் 15 எழுத்து, 15 பைட்டில் முடிந்துவிடும். ஆக, எழுத்துக் கணக்கு மொழிக்கு மொழி மாறும். துளிக் கணக்கு மாறாது. ஒவ்வொன்றாகக் கம்பியில் விடுகிறவன் துளியை எண்ணுகிறான். அலமாரியில் அடுக்கி வைக்கிறவன் எட்டெட்டாகக் கட்டி எண்ணுகிறான். பூக்காரம்மா முழத்திலும், சந்தைக்காரர் கிலோவிலும் பூவைக் கணக்கிடுவதைப் போலத்தான்.

எனவே 100ஐ எட்டால் வகுக்க 12.5. ஆயிரம் எம்.பி.க்கு 80 விநாடி.

இரண்டாவது, அளவை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு காலத்தில் இரண்டு சில்லறை புழங்கியது. வெளியே ஓர் அணாவுக்கு 12 தம்பிடி; சமஸ்தானத்துக்குள் ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. எந்தச் சில்லறை என்று சொல்லாமல் விலை பேசினால் கைகலப்பில்தான் முடியும். ஜி.பி. கதையும் இப்படித்தான். கம்பிக்காரர்களுக்குக் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம், ஜிகா என்றால் 100 கோடி. கணினியின் நினைவகம் இரண்டிரண்டாகப் பெருகுவது; பத்து முறை இரட்டித்தால் 1024. ஆயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறதே என்று அதையும் 'கிலோ' என்றே கூப்பிட்டுவிட்டார்கள். கிலோவில் 24தான் வித்தியாசம். மூன்று படி ஏறினால் ஜிகா 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 ஆகிவிடுகிறது. விண்டோஸ் '1 ஜி.பி.' என்று காட்டுவது இந்த எண்ணை. 1 டி.பி. வட்டு வாங்கி மாட்டினால் 931 ஜி.பி. என்று காட்டுகிறதே, அதற்கும் காரணம் இதுவே. கடைக்காரர் மேல் கோபப்பட்டு எந்தப் பயனும் இல்லை.

1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இந்தச் சண்டையைத் தீர்க்க, 1024 கணக்குக்குக் கிபி, மெபி, கிபி என்று புதுப் பெயர்கள் சூட்டியது. ஆம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ககரத்தில் ஒலி வேறுபாடு காட்டாத நம் எழுத்தில் முதல் கிபியும் மூன்றாம் கிபியும் ஒன்றே. போதாக்குறைக்குக் கிறிஸ்துவுக்குப் பின் என்பதும் கி.பி. தமிழில் இந்தச் சீர்திருத்தம் எடுபடாது என்பது என் தீர்ப்பு. 107 கோடிச் சொச்சத்தை எட்டால் பெருக்கி 10 கோடியால் வகுத்தால் 85.9 விநாடி. இரண்டாம் குழப்பம் தீர்ந்தது.

இப்போது அந்த நாலரை விநாடி.

வடகாடு பக்கம் பலாப்பழம் வாங்குகிறவர்கள் முழுப் பழத்தின் எடைக்கும் சுளையின் எடைக்கும் உள்ள தூரத்தை அறிவார்கள். தோலும் சடையும் தண்டும் போகத்தான் சுளை. தகவல் தொடர்பில் 'பேலோடு' என்று சொல்வதை நான் சுளை என்றே அழைக்கப்போகிறேன்: அனுப்பியவன் அனுப்ப நினைத்த சரக்கு. அதைச் சுற்றி வருவதெல்லாம் சடை. ஆனால் பலாவின் சடையைக் கழிவு என்று மாட்டுக்குப் போடுகிறோம். இந்தச் சடையை அப்படிப் போட முடியாது. அது என்ன செய்கிறது என்று பார்க்க, அக்கா வீட்டிலிருந்து அரங்குளநாதர் கோயிலுக்கு ஒரு நடை போகலாம்.

கோயில் சுவர்களில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த வட்டாரமே கல்வெட்டுச் சுரங்கம். சமஸ்தானம் தன் கல்வெட்டுப் பாடங்களை அரச மரபு வாரியாகத் தொகுத்து 1929-ல் நூலாகவே அச்சிட்டது. சோழர் காலக் கல்வெட்டு ஒன்றைக் கூட இருக்கிறவர் யாராவது படித்துக் காட்டினால், அதன் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ'. அதற்குப் பொருள் மங்களம். அதன் வேலையோ 'இங்கே தொடங்குகிறது, கண்ணைத் திருப்பு' என்பது. அடுத்து மெய்க்கீர்த்தி: மன்னன் வென்ற நாடுகள், அவன் தேவியர். பிறகு ஆட்சியாண்டு. பிறகு எந்த வளநாடு, எந்த நாடு, எந்த ஊர். பிறகு கொடுத்தவர் யார், இன்னார் மகன் இன்னார். இத்தனையும் தாண்டித்தான் செய்தி வருகிறது: ஒரு நந்தா விளக்கு எரிக்கச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறோ தொண்ணூற்றாறோ. அவ்வளவுதான் சுளை. அதன் பிறகு மறுபடி சடை: கையெழுத்திட்டவர்கள், 'இது பன்மாகேஸ்வரர் ரக்ஷை' என்ற காப்பு, அழித்தவனுக்கு வரும் பாவம். கடைசியில் அடுத்த கல்வெட்டு தொடங்கும் வரை கொஞ்சம் வெற்றுக் கல்.

கம்பியில் கோப்பு ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதியும் ஒரு கல்வெட்டு.

முதல் 8 பைட் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறி மாறி வந்து, கடைசியில் இரண்டு ஒன்றோடு முடியும். இதுதான் ஸ்வஸ்தி ஸ்ரீ. எதிர்முனைக் கருவியைத் தட்டி எழுப்புவது. அடுத்த 14 பைட்டில் பக்கத்திலிருக்கும் இரண்டு கருவிகளின் முகவரியும், உள்ளே இருப்பது என்ன வகை என்ற குறிப்பும். அடுத்த 20 பைட்டில் தூரத்து முகவரிகள்: சென்னையிலுள்ள எந்தக் கணினியிலிருந்து திருவரங்குளத்தில் எந்தக் கணினிக்கு. நாடும் ஊரும் இதில்தான். இன்னொரு 20 பைட்டில் வரிசை எண்: கோப்பின் எந்த இடத்துத் துண்டு இது, இதுவரை எது வந்து சேர்ந்தது என்ற கணக்கு. அதன் பிறகு சுளை, 1460 பைட். முடிவில் 4 பைட் காப்பு. கல்வெட்டின் காப்பு பாவத்துக்கு அஞ்சுகிறவனைத்தான் தடுக்கும். இது கணக்கால் தடுக்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் ஒன்பது தள்ளி மீதியைப் பார்த்துக் கூட்டலைச் சரிபார்ப்பார்கள் அல்லவா, அதே வழிதான், இன்னும் கண்டிப்பாக. பொதி முழுவதையும் ஒரு பெரிய எண்ணாகக் கருதி, வகுத்த மீதியைக் கடைசியில் ஒட்டி அனுப்புகிறார்கள். வாங்குகிறவன் தானும் வகுத்துப் பார்ப்பான். ஒரு துளி புரண்டிருந்தாலும் மீதி ஒத்து வராது, பொதியை வீசிவிடுவான். கடைசியில் 12 பைட் அளவுக்கு மூச்சு விடும் இடைவெளி. வெற்றுக் கல்.

கூட்டிப் பாருங்கள்: 1538. அதில் சுளை 1460. நூற்றுக்குத் 94.9. கல்யாண வீடியோ ஏறத்தாழ 7 லட்சத்து 35 ஆயிரம் கல்வெட்டுகளாக வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் 78 பைட் சடை. 85.9 விநாடி தொண்ணூறரை ஆனது இதனால்.

மெய்க்கீர்த்தி இல்லாத கல்வெட்டு கிடைத்தால் ஆய்வாளர்கள் எழுத்தின் வடிவைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கப் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எந்த மன்னன், எந்த ஆண்டு என்று தெரியாத தொண்ணூறு ஆட்டை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது. சடையைக் குறைசொல்லும் என் அக்கா மகனிடம் இதைத்தான் கேட்டேன்: முகவரியும் வரிசை எண்ணும் இல்லாமல் வெறும் சுளையாக ஏழு லட்சம் துண்டு உன் வீட்டு வாசலில் கொட்டியிருந்தால், முகூர்த்தத்துக்கு முன்னால் சாந்தி முகூர்த்தம் வந்திருக்குமா வந்திருக்காதா?

மெய்க்கீர்த்தியின் நீளம் தானத்தின் அளவைப் பொறுத்ததல்ல என்பது ஒரு வேடிக்கை. பெரிய பிரமதேயத்துக்கும் அரை விளக்குக்கும் அதே மெய்க்கீர்த்தி. பொதிகளிலும் அப்படியே. இணையத்தில் பேசும்போது குரலைச் சேர்த்து வைத்துப் பெரிய பொதியாக அனுப்ப முடியாது, பேச்சு தாமதப்படும். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக் குரலை உடனுக்குடன் அனுப்பியாக வேண்டும். நன்றாகச் சுருக்கினால் அது 20 பைட். அதைச் சுமக்கும் சடையோ 78 பைட். ஐந்து பங்கில் ஒரு பங்குதான் சுளை. அரை விளக்குக்கு முழு மெய்க்கீர்த்தி. அப்படியானால் பொதியை இன்னும் பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். 1500 பைட் என்ற உச்சவரம்பு 1980-ல் ஈதர்நெட் தரம் எழுதப்பட்டபோது வைத்தது. பெரிய பொதியில் ஒரு துளி கெட்டால் முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும்; அது போய் முடியும் வரை மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அன்று செய்த சமரசம் இன்றும் ஓடுகிறது.

சரி, இதையெல்லாம் எப்படி நம்புவது? நான் பத்திரிகை உறையில் போட்ட கணக்கு பொருந்தியது தற்செயலாக இருக்கலாமே?

வயர்ஷார்க் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டால் கணினிக்குள் வரும் ஒவ்வொரு பொதியையும் பிரித்துக் காட்டும். முகவரிகள், வரிசை எண், சுளை எல்லாம் தெரியும். ஆனால் அதில் ஒரு முழுப் பொதியின் அளவு 1514 என்றுதான் பொதுவாக வரும், 1538 அல்ல. ஸ்வஸ்தி ஸ்ரீ 8, காப்பு 4, வெற்றுக் கல் 12, ஆக 24 பைட்டை வலையட்டையே எடுத்துக்கொண்டு, மேலே கொடுப்பதில்லை. கண்ணில் படாத அந்த 24 பைட் உண்மையில் கம்பியில் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சி, கடிகாரம். கண்ணில் படும் 1514 மட்டுமே இருந்தால் சுளையின் பங்கு நூற்றுக்கு 96.4 வரவேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக ஒரே கம்பியால் கோத்து, இணைய நிறுவனம், சென்னை, மழை எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, அளந்தால் 94.9தான் வருகிறது. குறையும் அந்த ஒன்றரைதான் கண்ணுக்குத் தெரியாத 24 பைட்டின் நிழல். நெப்டியூனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே யுரேனஸின் தடுமாற்றத்திலிருந்து கணித்தார்களே, அது நினைவுக்கு வரும் எனக்கு. பெரிய ஒப்பீடுதான், ஆனால் உழக்கிலும் கிழக்கு மேற்கு உண்டு.

இன்னும் நுணுக்கமான சாட்சி ஒன்று உண்டு. அதே சோதனையை லினக்ஸ் கணினிகள் இரண்டில் செய்தால் 94.9 வராது, 94.1 வரும். லினக்ஸ் ஒவ்வொரு பொதியிலும் நேரமுத்திரை என்று 12 பைட் கூடுதலாகச் சேர்க்கிறது. பல விண்டோஸ் கணினிகள் சேர்ப்பதில்லை. 1460 சுளை 1448 ஆகிறது; 1448ஐ 1538ஆல் வகுத்தால் 94.1. ஒரு கம்பியைத் தொடாமல், வேகத்தின் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் பார்த்து எதிர்ப்பக்கம் என்ன வகைக் கணினி என்று ஊகிக்கலாம். ஜிகாபிட் கம்பியில் இதே சோதனை 941 மெகாபிட் தரும். வலைப்பணி பார்க்கிறவர்களிடம் 941 என்று சொல்லிப் பாருங்கள். ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் சிரிப்பார்கள்.

சடை இதோடு முடியவில்லை. கம்பிக்குள்ளேயே ஒரு தோல் இருக்கிறது. 100 மெகாபிட் கம்பியில் விநாடிக்கு உண்மையில் ஓடும் மின்குறிகள் 12 கோடியே 50 லட்சம். ஏன் கால் பங்கு கூடுதல்?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைத் தாளத்தில் சொன்னால் விளங்கும். மான்பூண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்திப் பிள்ளை வழியில் வந்த ஊர் அல்லவா. மிருதங்கம் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தால் கேட்கிறவன் தாளம் தவறமாட்டான். நீண்ட இடம் விட்டால், ஏழு அட்சரம் போனதா எட்டா என்று கை தடுமாறும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் கருவியும் ரசிகன்தான். தனியாகத் தாளக் கம்பி எதுவும் அதற்கு வருவதில்லை; வரும் குறிகளின் மாற்றத்தைக் கேட்டே தாளம் போடுகிறது. தொடர்ந்து நாற்பது பூஜ்யம் வந்தால் முப்பத்தொன்பதா நாற்பத்தொன்றா என்று தவறிவிடும். அதனால் நான்கு துளிக்குப் பதிலாக ஐந்து துளிச் சொற்கட்டு ஒன்றை அனுப்புகிறார்கள். ஐந்து துளியில் 32 சொற்கட்டு உண்டு. நமக்குத் தேவை 16. இடம் அதிகம் விழாத பதினாறைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். நான்குக்கு ஐந்து: 100க்கு 125. நல்லவேளையாக நிறுவனங்கள் இந்த 125ஐ விளம்பரத்தில் போடுவதில்லை.

இந்த மின்குறிகளின் எண்ணிக்கைக்கு அலகு 'பாட்', போதோவின் பெயரால் வந்தது. பாட் வேறு, பிட் வேறு. ஒரே குறியில் பல துளிகளை ஏற்றலாம். ஈதர்நெட் கம்பிக்குள் நான்கு ஜோடி இழைகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், போக ஒன்று, வர ஒன்று. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்: அதே 12 கோடியே 50 லட்சம் குறி, ஒவ்வொரு குறியிலும் 2 துளி, நான்கு ஜோடியிலும் ஒரே சமயத்தில். பெருக்கினால் 100 கோடி. குறியின் வேகத்தைக் கூட்டாமலே பத்து மடங்கு. எனக்கு இந்தக் கணக்கில் ஒரு தனி மயக்கம் உண்டு.

வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையிலும் பழைய காலத்தின் தடம் இருக்கிறது. ஜி-பான் என்ற முறையில் இழையின் வேகம் விநாடிக்கு 248 கோடியே 83 லட்சத்து 20 ஆயிரம் துளி. முழு எண்ணாக 250 கோடி என்று வைக்காமல் ஏன் இந்தச் சில்லறை? விநாடிக்கு 8000 சட்டங்கள் (ஃபிரேம்), சட்டத்துக்கு 38,880 பைட். இந்த 8000 தொலைபேசியிலிருந்து வந்தது. மனிதக் குரலை விநாடிக்கு 8000 முறை தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் 8 துளியில் எழுதினால் பேச்சு விளங்கும் என்று கண்டார்கள். பெருக்கினால் 64,000. செல்போனில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கும் என்று குறுஞ்செய்தி வருகிறதே, அந்த 64 இதுதான்: ஒரு பழைய டெலிபோன் பேச்சின் அகலம். எட்டால் வகுத்தால் 8 கிலோபைட். 5 எம்.பி. புகைப்படம் ஒன்று இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல்.

2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று பெயர் சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். வேண்டும். அது விநாடிக்குக் கால் எம்.பி.க்கும் கொஞ்சம் குறைவான சுளை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணி தமிழ்நாடு அரசின் டான்ஃபினெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சிக்கு 1 ஜி.பி.பி.எஸ். என்பது அதன் அறிவிப்பு. 'ஜி'யைப் பார்த்து விநாடிக்கு ஒரு சினிமா என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டால் வகுத்து, சடை கழித்து, விண்டோஸ் கணக்குக்கு மாற்றினால் 113 எம்.பி. அதுவும் ஒரே ஆள் பயன்படுத்தினால். வைஃபை வழியே என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூட வேண்டும். காத்திருப்பதிலேயே பாதி போய்விடும்.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி போன். தொழில் பெருகிவிட்டது. ரூட்டர் பெட்டியை மாற்றி, திட்டத்தை 300க்கு ஏற்றியிருந்தான். இந்த முறை பிட், பைட் எல்லாம் தெளிவு. "மாமா, எல்லாம் கழிச்சுப் பாத்தேன். 284 வரணும். 94தான் வருது."

"94ஆ? 90, 97 இல்லையே?"

"94.9."

180 என்றோ 240 என்றோ சொல்லியிருந்தால் நான் விழித்திருப்பேன். 94.9 என்றதும் எனக்குக் கம்பி கண்ணில் தெரிந்தது. புதுப் பெட்டியும் கணினியும் ஜிகாபிட் பேசத் தெரிந்தவை. பேசிப் பார்த்து, நான்கு ஜோடியும் கிடைக்காமல், இரண்டு ஜோடி போதுமான 100க்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. நிறுவனத்துக்குப் போன் போடாதே, கம்பியைத் தடவிப் பார் என்றேன். போனைக் கீழே வைக்காமலே போனான். பீரோ நகரும் சத்தம், சாக்கு இழுபடும் சத்தம், அக்கா ஏதோ திட்டும் சத்தம். ஆரஞ்சும் பச்சையும் நன்றாக இருந்தன. நீல ஜோடி துண்டாகக் கிடந்தது, ஓரத்தில் பல் பதிந்த அடையாளத்தோடு.

"மாமா," என்றான், "அன்னைக்கு எவன் தின்னான்னு கேட்டேன்ல? அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்கான்."